மகனுக்கு ஓட்டிசம் என்று தெரிவதற்குள் நாங்கள் இழந்த காலமும் காசும்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கிளாக்கராக வேலை செய்கிறேன். என் கணவர் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். எங்கள் ஒரே மகனுக்கு இப்போது ஒன்பது வயது. பிறரோடு பேசுவதும் பழகுவதும் புலன்களால் உணர்வதும் வேறு விதமாக இருக்கும் ஓட்டிசமும் அவனுக்கு இருக்கிறது; கூடவே ஏடிஎச்டி என்று சொல்லப்படும் கவனக்குறைவு மிகை இயக்கமும் இருக்கிறது. அவன் மற்றப் பிள்ளைகளைப் போல் வளரவில்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியதற்கும், சரியான ஆலோசனை முதன்முதலாக எங்கள் காதில் விழுந்ததற்கும் இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போய்விட்டன. கூடவே நான்கு இலட்சம் ரூபாவுக்கு மேல் போயிற்று. அதில் பெரும் பகுதி, இடுப்பொடியக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மாவின் சேமலாப நிதிப் பணம். எங்கள் தோட்டத்திலேயே எனக்கு முன்னால் இந்த வழியில் போன தாய்மார் இருந்திருக்கிறார்கள் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. வெளியில் தெரிந்தால் மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் வராது என்று பயந்து அவர்கள் பிள்ளையைக் காம்பரா அறைக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். அவர்களில் ஒருவராவது என்னிடம் வாய் திறந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். பணத்தை விடப் பெரிய காலமும் மிஞ்சியிருக்கும். பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ பதுளையிலோ இன்று அதே சந்தேகத்தோடு இருக்கும் ஒரு தாய்க்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மகனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, அதாவது 2018இன் நடுப்பகுதியில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கீழ் வீதியில் பஸ் வரும் சத்தம் எங்கள் காதில் விழும் முன்பே அவன் இஸ்தோப்பு வராந்தாவுக்கு ஓடி நிற்பான். பிஸ்கட் வேண்டுமென்றால் கேட்கமாட்டான், விரலால் சுட்டிக் காட்டவும் மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அலுமாரிப் பூட்டின் மேல் என் கையை வைத்துவிட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான். ஒரு வயதில் சொல்லிக்கொண்டிருந்த 'அம்மா', 'பால்' என்ற சொற்கள் மெல்ல மெல்ல மறைந்தன. பெயருக்குத் திரும்பாமை, சுட்டிக்காட்டாமை, பிறருடைய கையைக் கருவியாகப் பயன்படுத்துதல், பேசிய சொற்கள் நின்றுபோதல் ஆகிய நான்கும் ஓட்டிசத்தின் முக்கியமான ஆரம்ப அறிகுறிகள் என்பதை எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் எதைக் கண்டாலும், சிறப்பாகப் பேசிய சொற்கள் நின்றுபோனால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நான் கிளினிக்கில் சொல்லத்தான் செய்தேன். "ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தித்தான் பேசுவார்கள், மூன்று வயது வரை பாருங்கள் அம்மா" என்ற பதில்தான் கிடைத்தது. ஆறுதலாகச் சொல்லப்பட்ட அந்த ஒரு வரி எங்களை ஓராண்டுக்கு மேல் கட்டிப்போட்டது. நம் நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை, உயரக் கோடுகளோடு வளர்ச்சிப் படிகளுக்கான பக்கங்களும் இருக்கின்றன. நிறைக் கோட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பலர். வளர்ச்சிப் படிகளின் பக்கத்தை நிரப்பக் கேட்பவர்கள் குறைவு. ஓட்டிசம் நம் நாட்டில் அபூர்வம் என்பதும் தவறு. இலங்கையில் ஒரு புறநகர்ப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அமெரிக்காவில் 2025இல் வெளியான கணக்கு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்கிறது. ஓட்டிசத்தின் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பெற்றோரிடம் கேட்பதற்கு உலகெங்கும் பயன்படும் எம்-செட் என்ற இருபது கேள்விகள் கொண்ட படிவம் பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையான பிள்ளைகளுக்கு உரியது. ஆனால் அந்த 2009 ஆய்விலேயே, தாய்மாரின் பதில்களை மட்டும் நம்பியபோது பல பிள்ளைகள் தவறவிடப்பட்டார்கள். நம் வீடுகளில் 'பிள்ளை கண்ணைப் பார்க்கிறானா?' என்று கேட்டால் 'பார்க்கிறான்' என்றுதான் சொல்வோம். ஆகவே வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், பிள்ளை விளையாடும் விதத்தையும், கூப்பிடும்போது நடந்துகொள்ளும் விதத்தையும், அழுது புரளும் நேரத்தையும் கைத்தொலைபேசியில் சிறு சிறு காணொளிகளாக எடுத்து வையுங்கள். பின்னர் எனக்கு வைத்தியசாலையில் கதவைத் திறந்துவிட்டது அத்தகைய ஒரு காணொளிதான். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது செவிப்புலன் பரிசோதனை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது செய்யப்படாமல் மற்ற எதையும் தொடங்குபவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

கிளினிக்கில் வழி கிடைக்காதபோது குடும்பம் வேறு வழியைக் காட்டியது. பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கிறது என்று மாமி உறுதியாக நம்பினார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பூசாரியாரை வரவழைத்து, நூல் கட்டி, எந்திரம் எழுதி, சேவல் அறுத்து, கழிப்புக் கழித்ததில் நாற்பத்தைந்தாயிரம் ரூபா செலவானது. சாம்பிராணிப் புகையிலும் உடுக்குச் சத்தத்திலும் மகன் காதைப் பொத்திக்கொண்டு வாந்தியெடுக்கும் வரை அலறினான். அதையே பேய் ஓடுவதற்கு அடையாளம் என்றார்கள். கோயிலுக்குப் போவதும் நேர்த்தி வைப்பதும் மனத்துக்குத் தெம்பு தருகின்றன, நான் இன்றும் போகிறேன். ஆனால் பிள்ளையை அடித்தும் புகையில் நிறுத்தியும் செய்யும் எதையும் ஒரு தாய் மறுக்கலாம், மறுக்க வேண்டும். அந்த நாட்களில் என்னை அதிகம் நோகச் செய்தது, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்ற பேச்சு. உலகத்திலும் இந்தப் பழி பழையது. லியோ கானர் என்ற வைத்தியர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஓட்டிசத்தை விவரித்ததற்குப் பின்னர், 1950களிலும் 60களிலும் தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மேலை நாட்டு வைத்தியர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அதைத் தகர்த்தன. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஓட்டிசம் ஏற்படுவதில் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்றது. வேலைக்குப் போகும் தாயோ, தூரத்தில் இருக்கும் தகப்பனோ இதற்குக் காரணமில்லை. மாமியிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்கு வெகு காலம் பிடித்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய இழப்பு. கொரோனா முடக்கத்துக்குப் பின்னர், 2020இன் கடைசியில், ஒரு நகரத்தில் இயங்கிய தனியார் நிலையமொன்றைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னார். ஆறு மாதத்தில் பிள்ளையைப் பேசவைத்து முன்பள்ளிக்கு அனுப்பலாம் என்று அங்கே உறுதி தந்தார்கள். முன்பணமாக ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கட்டினோம். அதன் பின் ஒவ்வொரு வகுப்புக்கும் மூவாயிரம் ரூபா. தோட்டத்தில் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக உயர்த்துவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்: அரை மணி நேரத்துக்கு நாங்கள் கட்டியது மூன்று நாள் கொழுந்து. விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவிலும் பஸ்ஸிலுமாகப் போய், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டிய பின்னர் வீடு திரும்புவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தாய்க்கு அனுமதி இல்லை. இதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கான நல்ல பயிற்சியில் தாயும் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர வேண்டும். குணமாக்குவோம் என்ற வாக்குறுதியும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பதும், பயிற்சியளிப்பவரின் தகைமையைக் கேட்டால் முகம் சுளிப்பதும் மற்ற எச்சரிக்கைகள். களனிப் பல்கலைக்கழகம் 2008 முதல் பேச்சு, மொழி சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. படித்தவர் தம் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார்.

அந்த நிலையம் எங்களுக்குத் தந்த இரண்டு அறிவுரைகள் பிள்ளையை மேலும் பின்னுக்குத் தள்ளின. முதலாவது, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்பது; இரண்டு மொழிகள் இருந்தால் பிள்ளை குழம்புவானாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தூக்கி வளர்த்த பேரனிடம் பேசாமல் அவர் பல மாதங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. பிள்ளையும் இன்னும் மௌனமானான். கனடாவில் 2012இல் வெளியான ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், இருமொழிச் சூழலில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி ஒருமொழிச் சூழலில் வளர்பவர்களை விடப் பின்தங்குவதில்லை என்று காட்டியிருக்கின்றன. தாய்க்கு எந்த மொழியில் தாலாட்டவும் திட்டவும் கொஞ்சவும் வருமோ அந்த மொழியில்தான் பேச வேண்டும். இரண்டாவது அறிவுரை, பாலையும் கோதுமையையும் முற்றாக நிறுத்துவது. ரொட்டியும் பால் தேத்தண்ணியும் இல்லாமல் எங்கள் லய வீடுகளில் ஒரு பொழுது விடியாது. அதிலும் என் மகன் சாப்பிட்டது வெறும் ரொட்டியும் வெள்ளைச் சோறும்தான்; சம்பல் பட்ட ரொட்டியைத் தொடக்கூட மாட்டான். இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அவன் எதைத் தின்பான்? அவன் மெலிந்தான். விலை கூடிய மாவும் டப்பாப் பவுடரும் வாங்கிய கணக்கு மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அந்த உணவுக் கட்டுப்பாடு ஓட்டிசத்தை மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பால், கோதுமை ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை வைத்தியர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றும் ஊசி, ஸ்டெம் செல் சிகிச்சை என்று இன்னும் பெரிய தொகைகளைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். உலோகம் நீக்கும் அந்தச் சிகிச்சையால் 2005இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஒரு சிறுவன் இறந்தே போனான். நகையை அடகு வைக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2021இல், தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்த ஒருவர் சொல்லித்தான், அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே இதற்கான கிளினிக் உண்டு என்பது எங்களுக்குத் தெரிந்தது. மலையகப் பெற்றோர் அறிந்துவைக்க வேண்டிய வழி இதுதான்: சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயத்திலோ, அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ சிறுபிள்ளை வைத்திய நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள், அவர் தேவைக்கேற்பச் சிறுவர் மனநல வைத்தியரிடம் அனுப்புவார். மத்திய மாகாணத்தில் பேராதனையிலும், கொழும்பில் பொரளையிலும் சிறுவர்களுக்கென்றே அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயத்தி நிலையம் இயங்குகிறது. தவணை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் சந்தேகம் வந்த அன்றே பெயரைப் பதிந்துவிட வேண்டும். எங்கள் பரிசோதனையில் மொழிதான் தடையாக இருந்தது. மகனுக்கு முதலில் கேள்விகள் சிங்களத்தில் கேட்கப்பட்டன. அவன் பதில் சொல்லாததெல்லாம் இயலாமை என்று குறிக்கப்பட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கும் நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது, ஆனால் கேட்டதால் கிடைத்தது. இரண்டாவது முறை, தமிழில், அவன் வேறு பிள்ளையாக இருந்தான்.

அந்தத் தமிழ் வைத்தியர் எங்களிடம் முக்கால் மணி நேரம் பேசினார். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து கிடையாது என்றும், சில மருந்துகள் கடுமையான எரிச்சலையோ தூக்கக் குறைவையோ குறைக்கத்தான் உதவும் என்றும், பிள்ளை கற்றுக்கொள்வான், ஆனால் அவன் வழியில் கற்றுக்கொள்வான் என்றும் சொன்னார். அன்று எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்களைச் சுற்றியிருந்த இத்தனை படித்தவர்களில் ஒருவர் இந்த முக்கால் மணி நேரத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எங்களுக்குத் தந்திருக்கக் கூடாதா என்ற கோபம். அது இன்னும் முழுவதும் ஆறவில்லை.

அவர் சொல்லித் தந்த பயிற்சிக்குக் காசு தேவைப்படவில்லை. தினமும் அரை மணி நேரம் பிள்ளையோடு தரையில் உட்கார வேண்டும். நாம் கொண்டுவந்த விளையாட்டை அவனிடம் திணிக்காமல், அவன் எதைப் பார்க்கிறானோ அதையே பார்த்து, அதைப் பற்றி ஒன்றிரண்டு சொற்களில் பேசி, பின்னர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் கடினம். இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சாதாரணச் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்கு இதே முறையைக் கற்பித்த ஆய்வு 2015இல் வெளியாகியிருக்கிறது. பிள்ளைகள் தாமாகவே தொடர்பைத் தொடங்குவது அதில் கூடியது. நிபுணர்கள் குறைந்த நம் தோட்டங்களுக்கு இதை விடப் பொருத்தமான செய்தி எனக்குத் தெரியவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்று, கிளினிக் போக முடியாமல் போன மாதங்களில் எங்களைக் காப்பாற்றியதும் இந்த அரை மணி நேரம்தான். மகன் அப்போது பஸ் நடத்துனர்களின் குரலை அச்சொட்டாகத் திருப்பிச் சொல்வான்: "டிக்கோயா, நோர்வூட், ஏறுங்க ஏறுங்க." அர்த்தமில்லாத உளறல் என்றார்கள். கவனித்துப் பார்த்தபோது, வெளியே போக வேண்டும் என்றால் மட்டும் அதைச் சொல்கிறான் என்று புரிந்தது. நானும் "ஏறுங்க" என்று பதில் சொல்லிச் செருப்பை எடுத்துக் கொடுப்பேன். சில மாதங்களில் அது "அம்மா ஏறுங்க" என்றானது. அதிலிருந்து "அம்மா வாங்க" பிறந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை பேச முயல்கிறான். அதைத் தடுக்காமல், எப்போது சொல்கிறான் என்பதைக் குறித்து வையுங்கள்.

புலன்களைப் பற்றி எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவ மழை எங்கள் தகரக் கூரையில் கொட்டும்போது நமக்கே பேச்சு கேட்காது. மகனுக்கு அது வலியாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். அடம் பிடிக்கிறான் என்று முன்பு அடி விழுந்தது. அடம் பிடிக்கும் பிள்ளை தான் கேட்டது கிடைத்தால் நிறுத்துவான். புலன் தாங்காமல் உடையும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, பேசாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். கூரைக்குக் கீழே பழைய ரெஜிபோம் தட்டுகளை அடித்ததும், காதை மூடும் கருவி வாங்கியதும் பூசாரியாருக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மலைநாட்டுக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றி எறியும் பிள்ளைக்கு, கழுத்து லேபலை வெட்டிவிட்டு, உள்ளே மெல்லிய பருத்திச் சட்டைகளை இரண்டு மூன்றாகப் போட்டுப் பாருங்கள். திருவிழாவில் தப்பு அடிக்கத் தொடங்கும் முன் சாமி கும்பிட்டுத் திரும்பிவிடலாம். இன்னொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது: இந்தப் பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியேறி நடந்துவிடுவார்கள், அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். நீரில் மூழ்குவது இவர்களுக்குப் பெரிய ஆபத்து. நீர்த்தேக்கமும் ஓயாவும் கானும் சூழ்ந்த இடத்தில் வாழும் நாம், சட்டையின் உட்பக்கத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்து வைப்பதோடு, கங்காணிக்கும் கடைக்காரருக்கும் பிள்ளையின் படத்தைக் காட்டிச் சொல்லியும் வைக்க வேண்டும். அவமானம் என்று மறைப்பது இங்கேதான் உயிருக்கு உலையாகும்.

2023இல் முதலாம் தரத்துக்கு விண்ணப்பித்தபோது ஒரு பாடசாலை எங்களைத் திருப்பி அனுப்பியது. மற்றப் பெற்றோர் எதிர்ப்பார்கள் என்று அதிபர் காரணம் சொன்னார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதில் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயமும்கூட. வாய்ப்பேச்சை நம்பாமல், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள். எழுத்தில் கேட்டதுமே பல மறுப்புகள் தளர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது வேறொரு சிறிய தோட்டப் பாடசாலை. அங்குள்ள டீச்சர் எந்தப் பயிற்சியும் பெறாதவர், ஆனாலும் நாங்கள் கேட்டதைச் செய்தார். அன்றைய பாடங்களைப் படங்களாகக் கரும்பலகை ஓரத்தில் ஒட்டினார், மணி அடிக்கும் முன் அவனிடம் சொன்னார், கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும்படி அவனை வற்புறுத்தவில்லை. ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. மற்றவர்களுக்கும் அவர்கள் மனம் புரிவதில்லை, இடைவெளி இரு பக்கத்திலும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் எழுதினார். அவரும் ஓட்டிசம் உள்ளவரே. அந்த டீச்சர் இதைப் படிக்காமலேயே அறிந்திருந்தார்.

இரண்டாம் தரத்தில்தான் ஏடிஎச்டியும் கண்டறியப்பட்டது. 2013 வரை அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் இவை இரண்டையும் ஒருவருக்கு ஒருசேரக் குறிப்பிட அனுமதிக்கவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம் என்று தெரிந்திருக்கிறது. ஓட்டிசம் என்று எழுதிவிட்டால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள், அதனால் கவனமும் அமைதியின்மையும் தனியாகப் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும் மெதில்பெனிடேட் மருந்தைத் தொடங்க நான் பயந்தேன். ஓட்டிசமும் சேர்ந்துள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பயன் தந்ததாக 2005ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு காட்டியது. பக்க விளைவால் நிறுத்த வேண்டி வந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வைத்தியர் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, நிறையையும் நாடித் துடிப்பையும் பார்த்துக்கொண்டே கூட்டினார். மகனுக்குப் பயன் தெரிந்தது. பசி குறைந்ததால் காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்கிறோம். இந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் மகளின் நினைவு வந்தது. பன்னிரண்டு வயது, யாருக்கும் தொல்லை இல்லாத பிள்ளை, வகுப்பில் கனவு கண்டுகொண்டு எல்லாவற்றையும் மறப்பவள், மந்தம் என்று பெயர் வாங்கியவள். பெண் பிள்ளைகளில் ஏடிஎச்டி இப்படி ஓசையில்லாமல் இருப்பதால் தவறவிடப்படுகிறது. அவளையும் காட்டினோம், அவளுக்கும் இருக்கிறது.

2025 செப்டெம்பரில், கர்ப்ப காலத்தில் பனடோல் (பரசிட்டமோல்) குடித்ததால் ஓட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் சொல்லப்பட்ட செய்தி, எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எனக்கு எதிராக வந்து விழுந்தது. சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் பிள்ளைகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அத்தகைய தொடர்பு இல்லை என்றது. உலக சுகாதார நிறுவனமும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற கதையும் அப்படித்தான். வெறும் 12 பிள்ளைகளைப் பற்றி 1998இல் அன்ட்ரூ வேக்பீல்ட் என்ற பிரித்தானிய வைத்தியர் எழுதிய கட்டுரை 2010இல் மீளப் பெறப்பட்டு, அவருடைய வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதிப்படுத்தியது. மூன்று வயதில் போடும் எம்.எம்.ஆர். ஊசியை என் மகனுக்குப் போட்டேன். நீங்களும் தவறாமல் போடுங்கள். 2025இல் 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலைக் கொண்டு வெளியான இன்னோர் ஆய்வு, ஓட்டிசத்தை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் வேறு வேறு மரபணுப் போக்குகளைக் கண்டிருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பலித்தது இன்னொரு வீட்டில் பலிக்காததற்கு இதிலும் ஒரு விளக்கம் இருக்கிறது. ஆகவே என் மகனுக்குச் செய்ததையெல்லாம் அப்படியே செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாகக் காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ், சுகாதாரப் பதிவேடு, செவிப்புலன் பரிசோதனை முடிவு, வைத்தியர் எழுதிய கடிதங்கள், மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வைத்து, போட்டோப் பிரதி ஒன்றை வேறாக வையுங்கள். தோட்டப் பதிவில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துமாக இருப்பது நம் மக்களிடையே சாதாரணம், அதை முதலிலேயே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு உண்டு; பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் படிவம் கேட்க வேண்டும். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை வழங்குகிறது. அதற்கு வைத்தியச் சான்றிதழோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மகன் அடுத்த ஆண்டு ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சையில் அவனை உட்கார வைப்பதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் சான்றிதழுக்கான தவணையை இந்த மாதமே எடுத்துவிட்டேன்.